சீட்டி கவுன் தைக்கலாம் வாங்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் நாகப்பட்டினத்துக்காரி. எட்டு வருடமாக 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பெண்களின் உடைகளைக் கையால் தைத்து வருகிறேன். பழைய காலத்து உடையை அந்தக் காலத்து முறையிலேயே தைத்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பொதுவாகப் பேசினால் யாருக்கும் பயன்படாது என்பதால் எல்லாப் பதில்களுக்கும் ஒரே உடையை எடுத்துக்கொள்கிறேன்: 1775 வாக்கில் ஆம்ஸ்டர்டாமில் ஒரு கடைக்காரர் வீட்டுப் பெண் உடுத்தியிருக்கக்கூடிய சீட்டித் துணி கவுன். சீட்டி என்றால் சாயத்தால் பூப்போட்ட பருத்தித் துணி.

ஏன் ஆம்ஸ்டர்டாம்? ஏன் 1775? ஒரு "பழைய காலத்து கவுன்" என்று வைத்துக்கொண்டால் போதாதா?

போதாது. இது நான் அனுபவத்தில் கற்றது. முதலில் நான் போட்ட திட்டம் "1760, லண்டன், சோழமண்டலக் கரையில் சாயம் எழுதிய சீட்டி" என்பதுதான். துணி வாங்கி வைத்த பிறகுதான் சட்டத்தைப் படித்தேன். நம் கரையிலிருந்து போன பூப்போட்ட பருத்தித் துணி இங்கிலாந்தின் நெசவாளர்கள் பிழைப்பைக் கெடுக்கிறது என்று 1700-இல் ஒரு தடைச் சட்டம் வந்தது. 1721-இல் வந்த இன்னொரு சட்டம் அச்சிட்ட பருத்தியை உடுத்துவதையே குற்றமாக்கியது. பிரான்சிலும் 1686 முதல் 1759 வரை தடை. கள்ளத்தனமாக உடுத்தியவர்கள் நிறையப் பேர் உண்டு, அது வேறு கதை. டேவிட் காரிக் என்ற புகழ்பெற்ற லண்டன் நடிகரின் மனைவி தன் கட்டிலுக்காக வைத்திருந்த மசூலிப்பட்டினத்துச் சீட்டியை 1775-இல்கூட சுங்கத்துறை பறித்துக்கொண்டது. அந்தக் கட்டிலை இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

டச்சு நாட்டில் அப்படித் தடை ஏதும் இல்லை. டச்சுக் கம்பெனி 1658-இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து எங்கள் ஊரைப் பிடித்தது. 1690-இல் சோழமண்டலக் கரைக்கான தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து இங்கே மாற்றியது. 1781-இல் ஆங்கிலேயர் பிடிக்கும்வரை அப்படியே இருந்தது. ஆகவே 1775-இல் ஆம்ஸ்டர்டாம் பெண் ஒருத்தி எங்கள் கரைத் துணியை யாருக்கும் பயப்படாமல் உடுத்தி வீதியில் நடந்திருக்கலாம். ஊரை மாற்றியதும் என் திட்டத்தில் எல்லாம் சரியாக உட்கார்ந்தது.

அதனால் துணிக்கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த ஊர், எந்த வருடம் (ஐந்து வருடம் முன்பின் பரவாயில்லை), என்ன வசதியுள்ள வீடு, எந்தப் பருவம், வேலை நேரமா விருந்தா. இதற்குப் பதில் தெரிந்தால் பாதிக் குழப்பம் கடையிலேயே தீர்ந்துவிடும்.

அந்தப் பெண் உடம்பில் மொத்தம் எத்தனை துண்டு இருக்கும்?

உள்ளிருந்து வெளியே சொல்கிறேன். முழங்காலுக்குக் கீழ் வரும் வெள்ளை லினன் உள்ளங்கி, அதன் பெயர் ஷிஃப்ட். அதற்கு மேல் ஸ்டேஸ் என்ற விறைப்பான கச்சு. பிறகு இடுப்பில் நாடாவால் கட்டும் ஒரு ஜோடிப் பைகள். இடுப்புக்குப் பின்னால் ஒரு சின்னத் திண்டு. ஒன்றிரண்டு பாவாடை. அதற்கு மேல்தான் கவுன். கழுத்தைச் சுற்றி மெல்லிய மஸ்லின் துண்டு, தலையில் வெள்ளைத் தொப்பி. காலுறையும் செருப்பும் தனி.

எனக்குக் கவுன்தான் ஆசை. அதை முதலில் தைத்துவிட்டு மற்றதை அப்புறம் பார்க்கலாமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். அந்தக் கவுனுக்கென்று சொந்த வடிவம் கிடையாது. ஸ்டேஸ் கொடுக்கிற கூம்பு போன்ற மேலுடம்பு, திண்டும் பாவாடையும் கொடுக்கிற அகன்ற இடுப்பு, இவற்றின் மேல் போர்த்திய தோல்தான் கவுன். ஸ்டேஸ் போடாத உடம்பில் அளவெடுத்துத் தைத்தால், பிறகு ஸ்டேஸ் போட்டதும் முன்பக்கம் சேராது, அக்குளில் இழுக்கும், முதுகில் மடிப்பு விழும். பிரித்துச் சரிசெய்யவும் முடியாது. ஏனென்றால் தவறு தையலில் இல்லை, வெட்டிலேயே இருக்கிறது. சேலை கட்டுபவர்களுக்கு இது எளிதில் புரியும். உள்பாவாடை சரியில்லாமல் கொசுவம் எப்படி நிற்கும்?

ஷிஃப்ட் வெட்டுவது எப்படி?

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. முழுக்க முழுக்கச் சதுரமும் செவ்வகமும் முக்கோணமும்தான். வளைவே இல்லை, கழுத்தைத் தவிர. அன்றைக்குத் துணி விலை அதிகம், தைக்கும் கூலி குறைவு. அதனால் ஒரு துண்டுகூட வீணாகாதபடி கணக்குப் போட்டு வெட்டினார்கள்.

44 இஞ்ச் அகலத் துணியில் இரண்டேகால் மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். அது ஏறக்குறைய 88 இஞ்ச் நீளம் வரும். நடுத்தர உடல்வாகும் ஐந்தடி இரண்டு அங்குல உயரமும் உள்ளவருக்கான கணக்கு இது. 30 இஞ்ச் அகலத்தை நீளவாக்கில் பிரித்தால் அதுதான் உடல். தோளில் மடித்துப் போட்டால் முன்னும் பின்னும் ஒரே துண்டு, தோளில் தையலே கிடையாது. மீதி இருப்பது 14 இஞ்ச் அகலப் பட்டை. அதில் 17 இஞ்ச்சுக்கு ஒன்றாக இரண்டு கைகள். 5 இஞ்ச் சதுரம் இரண்டு, அக்குளுக்கு. பிறகு 28 இஞ்ச் நீளத் துண்டை எடுத்து அகலத்தில் இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மூலைக்கு மூலை வெட்டினால் நான்கு முக்கோணம் கிடைக்கும். பக்கத்துக்கு இரண்டு. அவைதான் கீழ்ச்சுற்றுக்கு 88 இஞ்ச் வரை விரிவு கொடுக்கும். முக்கோணத்தின் சாய்வான ஓரத்தை உடல் துண்டின் நேர் ஓரத்தோடு சேருங்கள். சாய்வோடு சாய்வைச் சேர்த்தால் நாளடைவில் இழுபட்டுத் தொங்கும்.

அக்குள் சதுரத்தைத் தைப்பதுதான் புதியவர்களுக்கு மலைப்பாக இருக்கும். சதுரத்தை வைரம்போலத் திருப்பிப் பிடியுங்கள். இரண்டு ஓரம் கைக்கு, இரண்டு ஓரம் உடலுக்கு. கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது அந்தச் சதுரம் விரிந்து இடம் கொடுக்கும். முதல் ஷிஃப்டைப் போட்டுக்கொண்டு பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கிப் பாருங்கள், நான் சொல்வது அப்போது புரியும்.

லினன் விலை அதிகமாக இருக்கிறதே. பருத்தியில் தைக்கலாமா?

தாராளமாக. ஷிஃப்டுக்கு மெல்லிய பாப்ளின், கழுத்துத் துண்டுக்கு மல் துணி போதும். ஸ்டேஸின் உள்துணிக்கு மட்டும் கெட்டியான லினனோ கெட்டியான கேன்வாஸோ தேடுங்கள், ஏனென்றால் இழுவை முழுவதையும் அது தாங்க வேண்டும். பாலியெஸ்டர் கலப்பு எதிலும் வேண்டாம். வியர்வையை உறிஞ்சாது, கைத்தையலில் ஊசி வழுக்கும், விரலால் அழுத்தினால் மடிப்பு நிற்காது.

ஸ்டேஸ் போட்டால் மூச்சு முட்டாதா? பெண்களை மயக்கம் போட வைத்த உடையாயிற்றே?

எல்லோரும் கேட்கிற கேள்வி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இடுப்பை நெரித்து இறுக்குவது என்ற பேச்சு பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அப்போது, 1820-களில், கச்சுத் துளைகளுக்கு உலோக வளையம் வந்தது. அதன் பிறகு துணி கிழியாமல் எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்க முடிந்தது. நாம் பேசுகிற 1775-இல் துளைகள் எல்லாம் நூலால் சுற்றிக் கட்டியவை. வெறிகொண்டு இழுத்தால் அவை பிய்ந்துவிடும். சமையல்காரியும் மீன் விற்பவளும் ஸ்டேஸ் போட்டுக்கொண்டுதான் நாள் முழுக்க வேலை செய்தார்கள்.

உங்கள் உடம்புக்கு அளவெடுத்த ஸ்டேஸ் இடுப்பில் ஒன்றிரண்டு இஞ்ச்தான் குறைக்கும். அதன் முதல் வேலை மார்பைத் தாங்கி மேலே நிறுத்துவது, முன்பக்கத்தைத் தட்டையாக்குவது. இரண்டாவது வேலையை யாரும் சொல்வதில்லை. பாவாடைகளின் கனத்தை அது வாங்கிக்கொள்கிறது. இடுப்புக்குக் கீழே ஸ்டேஸ் சிறு சிறு நாக்குகளாகப் பிளந்து இடுப்பெலும்பின் மேல் விரிந்து உட்காரும். பாவாடை நாடா அந்த நாக்குகளின் மேல்தான் கட்டப்படும். ஸ்டேஸ் இல்லாமல் மூன்று நாடாவை இறுக்கிக் கட்டிப் பாருங்கள், அரை மணி நேரத்தில் இடுப்பில் சிவப்பாகக் கோடு விழும். ஸ்டேஸோடு கட்டினால் தடமே இருக்காது. எனக்கு முதுகுவலி உண்டு. ஸ்டேஸ் போட்டு உட்கார்ந்து தைக்கிற நாட்களில் அது குறைவாக இருக்கிறது.

குனிவது மட்டும் மாறும். முதுகை வளைக்க முடியாது, இடுப்பிலிருந்து மடங்க வேண்டும். செருப்பை ஸ்டேஸுக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

அதற்குள் திமிங்கல எலும்பு வைப்பார்களாமே. இப்போது என்ன செய்வது?

பெயர்தான் எலும்பு. உண்மையில் அது சில வகைத் திமிங்கலங்களின் மேல்தாடையில் சீப்புப்போலத் தொங்கும் தகடு, நம் நகம் எந்தப் பொருளோ அதே பொருள். சூட்டில் வளைந்து, ஆறியதும் அந்த வளைவிலேயே நிற்கும். இப்போது அதே குணமுள்ள செயற்கைப் பட்டைகள் ஜெர்மனியில் தயாராகின்றன, இணையத்தில் வாங்கலாம். முடியாவிட்டால் மின்சாதனக் கடையில் கிடைக்கும் தடித்த கேபிள் டை வாங்குங்கள், 7 முதல் 9 மில்லிமீட்டர் அகலம். தலையை வெட்டி, முனையைச் சுட்டு மழுங்கச் செய்துவிட்டு நுழைத்தால் துணியைக் குத்தாது. பிளந்த பிரம்பும் ஆகும். அந்தக் காலத்திலேயே விலை குறைந்த ஸ்டேஸ்களில் பிரம்பு வைத்தார்கள். எனக்குப் பிரம்பின் கனமின்மை பிடிக்கும், ஆனால் சீராகப் பிளந்து தருகிறவரைக் கண்டுபிடிக்க வேண்டும்.

கயிறு கட்டும் துளைக்கு உலோக ஐலெட் அடித்துவிடலாமா?

கூடாது. காரணம் மேலே சொன்னதுதான், அது இன்னும் ஐம்பது வருடம் கழித்து வரப்போகும் பொருள். கூரான ஊசியால் இழைகளை அறுக்காமல் விலக்கித் துளை செய்து, காஜா எடுப்பதுபோல நெருக்கமாகச் சுற்றித் தையுங்கள். ஒரு துளைக்கு எனக்குப் பத்து நிமிடம். இரண்டு பக்கத் துளைகளும் நேருக்கு நேர் இருக்கக் கூடாது, ஒன்று விட்டு ஒன்று ஏறி இறங்கி இருக்க வேண்டும். அப்போதுதான் ஒரே கயிறு சுருள்போல மேலேறும்.

சீட்டித் துணியை எங்கே வாங்குவது? எதைப் பார்த்து வாங்குவது?

நம் பாட்டிமார் "சீட்டிப் பாவாடை" என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்தச் சீட்டியும், டச்சுக்காரர்கள் "சிட்ஸ்" என்றதும், ஆங்கிலேயர் "சின்ட்ஸ்" என்றதும் ஒரே சொல்லின் பிள்ளைகள். சென்னைச் சிந்தாதிரிப்பேட்டையே 1734-இல் ஆங்கிலேயரின் கம்பெனி, நெசவாளர்களையும் சாயக்காரர்களையும் குடியேற்றிய ஊர்தான். சின்னத் தறிப்பேட்டை மருவி அப்படி ஆனது என்பார்கள்.

அசல் சீட்டி உருவாவது எப்படி என்று தெரிந்தால் கடையில் கண் தானாகத் தேர்வு செய்யும். நம் கரையோரத்தில் ஊழியம் செய்த கேர்து என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1742-இல் சாயக்காரர்களிடம் கேட்டறிந்து அதைப் படிப்படியாக ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். துணியை வெளுத்து, கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைப்பார்கள். பால் இல்லாவிட்டால் மை துணியில் பரவிவிடும். காகிதத்தில் வரைந்த பூவின் கோடுகளில் ஊசியால் துளையிட்டு, மேலே கரித்தூளைத் தட்டித் துணிக்கு மாற்றுவார்கள். கறுப்புக் கோட்டுக்கு இரும்புக் கரைசல், சிவப்பு வர வேண்டிய இடத்துக்குப் படிகாரம், இரண்டையும் கலம் என்ற எழுதுகோலால் எழுதுவார்கள். பிறகு சாயவேர் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். இம்பூரல் என்று நாம் மருந்துக்குப் பறிக்கிற அதே செடியின் வேர். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு பிடிக்கும், மற்ற இடம் வெயிலில் வெளுத்துவிடும். நீலம் வேண்டிய இடத்தை விட்டுவிட்டு மீதி முழுவதையும் மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் முக்குவார்கள். கடைசியில் நீலத்தின் மேல் மஞ்சள் சாயத்தை எழுதினால் பச்சை. முடிவில் கஞ்சி போட்டு, சங்கால் தேய்த்து மினுமினுப்பு ஏற்றுவார்கள்.

அந்த மஞ்சள் நிலைக்காத சாயம். அருங்காட்சியகச் சீட்டிகளை உற்றுப் பாருங்கள், இலைகள் பெரும்பாலும் நீலமாக இருக்கும். முதன்முதலில் அதைப் பார்த்தபோது நீல இலை அந்தக் காலத்து ரசனை என்றே நினைத்தேன். மஞ்சள் போய், அடியிலிருந்த அவுரி மட்டும் மிஞ்சியிருக்கிறது, அவ்வளவுதான். தைத்த புதிதில் அந்த இலை பச்சையாகத்தான் இருந்திருக்கும். உங்கள் கவுன் 1775-இல் புதியது என்பதால் பச்சை இலையுள்ள துணியைத் தயங்காமல் வாங்குங்கள்.

இன்றைக்குக் கலம்காரிதான் அதன் நேர் வாரிசு. காளஹஸ்தியில் கலத்தால் எழுதுவது, மசூலிப்பட்டினம் பெடனா பகுதியில் அச்சுக்கட்டையால் அடிப்பது என இரண்டு வகை. காளஹஸ்தித் துணியில் கவுன் தைக்க என் கை நீளாது, விலை அப்படி. பெடனா அச்சுத் துணிதான் எனக்கு. வெள்ளை அல்லது பாலாடை நிறத் தளம், வளைந்து ஓடும் கொடி, அதில் பெரிதும் சிறிதுமாகப் பூ, இப்படித் தேடுங்கள். டச்சுக்காரர்களுக்குச் சிவப்புத் தளமும் பிடித்திருந்தது, அதுவும் சரி. யானை, மயில், முகம், தேர், புத்தர் இருந்தால் விட்டுவிடுங்கள். எல்லாப் பூவும் ஒரே அளவில் கட்டம்போல வரிசையாக நின்றாலும் விட்டுவிடுங்கள்.

வாங்கிய துணியை அப்படியே வெட்டலாமா?

கூடாது. என் முதல் கவுனை அப்படித்தான் வெட்டினேன். "சாயம் போகாதும்மா" என்று கடையில் சொன்னார்கள், நம்பினேன். முதல் துவையலில் சிவப்பு இறங்கி உள்துணி முழுவதும் திட்டுத் திட்டாக ரோஜா நிறம் ஆனது, இடுப்புச் சுற்று முக்கால் இஞ்ச் சுருங்கியது. இரண்டு மாத வேலை. இப்போது எந்தத் துணியானாலும் தண்ணீர் தெளிவாக வரும்வரை பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்த்த பிறகே கத்தரியைத் தொடுவேன்.

எத்தனை மீட்டர் வாங்க வேண்டும்?

44 இஞ்ச் அகலமானால், கவுனுக்கு 6 மீட்டர், பாவாடை ஒன்றுக்கு 3 மீட்டர், ஷிஃப்டுக்கு இரண்டேகால், கவுனின் மேலுடம்பு உள்துணிக்கு ஒன்று. உயரமானவர்கள் கூட்டிக்கொள்ளுங்கள். துணி போதவில்லை என்றால் கவுனை விட்டுவிட்டு, அதே சீட்டியில் இடுப்புவரை வரும் ஜாக்கெட் தையுங்கள், இரண்டு மீட்டர் போதும். டச்சுப் பெண்கள் பாவாடைக்கு மேல் அப்படிச் சீட்டி ஜாக்கெட் நிறையவே போட்டார்கள். முதல் முயற்சிக்கு நான் அதைத்தான் சிபாரிசு செய்வேன்.

ஒட்டுப்போடப் பயப்படாதீர்கள். அக்குளுக்கு அடியிலும் கையின் உள்பக்கத்திலும் சிறு சிறு துண்டுகளாக ஒட்டித் தைத்த பழைய கவுன்கள் ஏராளம். பூவோடு பூ பொருந்த வேண்டும் என்ற கவலையே அவர்களுக்கு இல்லை.

அம்மாவின் பழைய கலம்காரிச் சேலையில் தைக்கலாமா?

அச்சுத் துணிச் சேலை, அம்மாவுக்குச் சம்மதம் என்றால் தைக்கலாம். ஐந்தரை மீட்டரில் ஜாக்கெட்டும் பாவாடையும் வரும். கையால் எழுதிய பழைய சேலை என்றால் அதில் கத்தரி படக் கூடாது. மடித்துப் பத்திரமாக வையுங்கள்.

பேட்டர்ன் எங்கே கிடைக்கும்?

விலைக்குக் கிடைக்கிறது, ஆனால் மேலுடம்புக்கு அது தேவையில்லை. அன்றைய தையல்காரி பேட்டர்ன் வைத்து வெட்டவில்லை. வாடிக்கையாளர் உடம்பின் மேலேயே உள்துணியைப் போர்த்தி, ஊசி குத்தி, அங்கேயே வெட்டினாள். பாவாடைக்கும் ஷிஃப்டுக்கும் அளவு தெரிந்தால் போதும்.

எனக்கு இதைச் செய்துதருவது என் அத்தை. நாற்பது வருடம் ரவிக்கை தைத்த கை. நான் ஷிஃப்டும் ஸ்டேஸும் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் நிற்பேன். காடா துணியில் முதுகுக்கு இரண்டு, முன்னுக்கு இரண்டு என்று தாராளமாக வெட்டிவைத்த துண்டுகளை அவர் ஒவ்வொன்றாக என் மேல் வைத்து, பக்கவாட்டில் குண்டூசி குத்திக்கொண்டே வருவார். முதல் தடவை அக்குளை நான் ரவிக்கைக்கு விடுவதுபோல இறக்கமாக விட்டிருந்தேன். "கையத் தூக்கு பாப்பா. பாத்தியா, உடம்பு மொத்தமும் மேல வருது. அக்குள ஏத்து" என்றார். அரை இஞ்ச் ஏற்றினோம். மறுபடி தூக்கினேன். கை மட்டும் எழுந்தது, மேலுடம்பு அசையவில்லை. 18-ஆம் நூற்றாண்டுக் கவுனின் கைவளையம் சின்னதாகவும் உயரமாகவும் இருப்பதற்கு அதுதான் காரணம். படத்தில் பார்த்து நான் புரிந்துகொள்ளாததை அத்தை ஒரு நிமிடத்தில் குண்டூசியால் காட்டினார்.

காடாவில் சரியானதும் பிரித்து, அதையே அச்சாக வைத்து லினனையும் சீட்டியையும் வெட்டுவோம். முதுகில் சீட்டியைச் சின்னச் சின்னக் கொசுவமாக மடித்து இடுப்புவரை தைத்து இறக்குவது கடைசிப் படி. அங்கே அவசரப்படாதீர்கள், யார் பார்த்தாலும் முதலில் பார்ப்பது அந்த முதுகைத்தான்.

பார்த்துப் பழகுவதற்குப் படம் வேண்டுமென்றால் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம் தன் சேகரிப்பின் படங்களைப் பெரிய அளவில் இலவசமாகத் தருகிறது. டச்சு நாட்டின் லேவார்டன் நகரிலுள்ள ஃப்ரீஸ் அருங்காட்சியகத்தில் சீட்டி உடைகள் மிக அதிகம். உடையின் உள்பக்கப் படம் கிடைத்தால் பொக்கிஷம், சேமித்து வையுங்கள்.

தையல் மெஷின் பயன்படுத்தினால் தப்பா?

தப்பில்லை. எலியாஸ் ஹோவ் காப்புரிமை பெற்றது 1846-இல், சிங்கர் 1851-இல். அதனால் 1775-இல் எல்லாம் கைத்தையல்தான். ஆனாலும் பாவாடையின் நீண்ட உள்தையல்களை மெஷினில் ஓட்டினால் யாருக்கும் நட்டமில்லை. வெளியே தெரிகிற இடம், கீழ்மடிப்பு, கழுத்து ஓரம், முதுகுக் கொசுவம் ஆகியவற்றை மட்டும் கையால் செய்யுங்கள். என் விருப்பத்தைக் கேட்டால், ஷிஃப்ட் ஒன்றையாவது முழுக்கக் கையால் தைத்துப் பாருங்கள். நூலைத் தேன்மெழுகில் இழுத்துக்கொண்டால் சிக்காது. இழுவை வரும் இடத்தில் பின்தையல், மற்ற இடத்தில் ஓட்டுத்தையல், இஞ்ச்சுக்கு எட்டுப் பத்து விழுந்தால் போதும்.

கவுனின் முன்பக்கம் பட்டன் இல்லை, கொக்கியும் இல்லை. எப்படி மூடுவது?

குண்டூசியால். உண்மையாகத்தான். ஊசி கவுன் வழியாக ஸ்டேஸின் துணிக்குள் போகும், உடம்பைத் தொடாது. கிடைமட்டமாகக் குத்தி, முனையைத் துணிக்குள் புதைத்துவிடுங்கள். நாள் முழுக்க அசையாது. சாப்பாட்டுக்குப் பிறகு அரை இஞ்ச் தளர்த்திக் குத்திக்கொள்ளலாம், பட்டனில் அந்த வசதி ஏது?

நம் ஊர் வெயிலில் இத்தனை அடுக்கு தாங்குமா?

மார்கழி, தை மாதங்களில் மாலை நேரம் நன்றாகவே இருக்கிறது. எல்லாம் பருத்தியும் லினனும் என்பதால் வியர்வையை ஷிஃப்ட் வாங்கிக்கொள்ளும். சித்திரையில் நான் போடுவதில்லை.

துவைப்பது?

ஷிஃப்ட், கழுத்துத் துண்டு, தொப்பி மூன்றையும் ஒவ்வொரு தடவையும். அதற்காகத்தான் அவை வெள்ளை. ஸ்டேஸைத் துவைக்கவே கூடாது, காற்றாட உலர்த்துங்கள். கவுனை வருடத்துக்கு ஒரு முறை, பச்சைத் தண்ணீரில், நிழலில்.

எத்தனை நாள் ஆகும்?

வேலைக்குப் போய்வந்து மாலையில் ஒன்றரை மணி நேரம் தைப்பவள் நான். ஷிஃப்டுக்கு இரண்டு வாரம், ஸ்டேஸுக்கு மூன்று மாதம், பாவாடைக்கு ஒரு வாரம், கவுனுக்கு இரண்டு மாதம். நடுவில் விட்டுவிடத் தோன்றுவது ஸ்டேஸில்தான். பட்டை நுழைக்கும் பாதைகளைத் தைத்துக்கொண்டே இருப்போம், முடியாது. அந்த வேலையோடு பாவாடையையும் இடையிடையே தையுங்கள், கைக்கு மாற்றமாக இருக்கும்.

நம்மை ஆண்டவர்களின் உடையை நாம் ஏன் தைக்க வேண்டும்?

நேர்மையான கேள்வி. என்னையே நான் பல இரவுகள் கேட்டிருக்கிறேன். கம்பெனி எங்கள் ஊருக்கு நல்லது செய்ய வரவில்லை, அதை மறைத்துப் பேச எனக்கு இஷ்டமில்லை. ஆனால் அந்த உடையை நான் கையில் எடுக்கும்போது என் கண்ணில் முதலில் படுவது உடுத்தியவள் அல்ல. கடுக்காய்த் தண்ணீரில் துணியைத் தோய்த்தவர், சாயவேரைத் தோண்டியவர், மெழுகு உருகும் சூட்டில் குனிந்து உட்கார்ந்து இலை நரம்பு நரம்பாக எழுதியவர், இவர்கள்தான். துணியில் அவர்கள் பெயர் இல்லை. ஐரோப்பாவிலிருந்து அனுப்பிய மாதிரிப் படத்தைப் பார்த்து, எந்தத் தோட்டத்திலும் பூக்காத பூக்களை வரைந்து கொடுத்தார்கள். இரண்டு பெரிய நாடுகள் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய அளவுக்கு அந்தப் பூக்கள் ஆசையைக் கிளப்பின. அந்த உடையைத் தைக்காமல் இருந்திருந்தால் எங்கள் கரையின் இந்தக் கைவேலையைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது.

ஆண்களுக்கு ஏதாவது உண்டா?

உண்டு, அதுவும் சீட்டியில். வீட்டில் சட்டைக்கு மேல் போட்டுக்கொள்ளும் தளர்ந்த நீள அங்கி. ஆங்கிலேயர் அதைப் பனியன் என்றார்கள். நம் ஊரில் அதே சொல் உள்சட்டைக்கு வந்துவிட்டது. ஏறக்குறைய 'டி' எழுத்துப்போல வெட்டு, ஸ்டேஸ் வேண்டாம், அளவு முன்பின் இருந்தாலும் பரவாயில்லை. வீட்டில் தம்பியோ கணவரோ ஆர்வம் காட்டினால் உடனே அளவெடுத்துவிடுங்கள்.

இன்றைக்கே ஏதாவது தைக்க ஆசையாக இருக்கிறது. எதில் தொடங்கலாம்?

பைகளில். வீட்டில் கிடக்கும் பருத்தித் துணியே போதும். மேலே ஒடுங்கிக் கீழே அகன்று, பேரிக்காய் வடிவில், 16 இஞ்ச் நீளத்துக்கு நான்கு துண்டு வெட்டுங்கள். முன்பக்கமாக வரப்போகும் இரண்டு துண்டுகளில் மட்டும் மேலிருந்து நடுவாக 7 இஞ்ச் கீறி, ஓரத்தை நாடாவால் மடித்துத் தையுங்கள். அந்தக் கீறலின் அடிமுனைதான் முதலில் கிழியும், அங்கே நாலு தையல் கூடுதலாகப் போடுங்கள். பிறகு முன்னையும் பின்னையும் சேர்த்து ஓரம் கட்டி, இரண்டு பையையும் ஒரே இடுப்பு நாடாவில் கோத்துவிடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் முடிந்துவிடும். கவுனும் பாவாடையும் தயாராகும்வரை அதைச் சுடிதாருக்குள் கட்டிக்கொள்ளலாம். நான் சந்தைக்குப் போகும்போது அப்படித்தான் கட்டிக்கொண்டு போகிறேன், கைபேசி, சாவி, சில்லறை, ஒரு எலுமிச்சம்பழம் எல்லாம் உள்ளே போகிறது.